அரைக்கும் ஒன்றுக்கும் நடுவே

20 ஜனவரி 2025, திங்கள்

பொருந்திவிட்டது! டீ இடைவேளையில் பெங்களூரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். தம்பி மணிவேலுக்கு என் சிறுநீரகம் பொருந்துகிறதாம். ஒரே ஒரு இடைஞ்சல், என் எடை. எழுபத்து மூன்றுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன். இந்த உடம்போடு படுத்தால் எனக்குத்தான் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஷிஃப்ட் முடிந்ததும் நேராக டிஸ்பாட்சுக்கு ஓடி, பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். 81.4.

"அனிதாம்மா, லேபிள் ஒட்டி லாரியில ஏத்திடட்டா?" என்றார் டிஸ்பாட்ச் சென்னகிருஷ்ணன்.

சிரிக்கட்டும். எட்டரை கிலோ ஒரு பெரிய விஷயமா? பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனியின் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் நின்று எத்தனை இயந்திரப் பாகங்களை ரிஜெக்ட் செய்திருப்பேன். என்னை நானே சரிசெய்ய மாட்டேனா?

21 ஜனவரி

களி உருண்டை பாதியாகிவிட்டது. டீயில் சர்க்கரை இல்லை. கேன்டீன் போண்டாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தேன். சாப்பிடவில்லை.

23 ஜனவரி

காலையில் நடக்கலாம் என்றால், சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கியிருக்கின்றனவாம், வெளியே போகாதே என்கிறார் வீட்டுக்காரர். மொட்டை மாடியிலேயே நாற்பது சுற்று நடந்தேன். ஒரு யானை மாடிக்கு வந்துவிட்டது என்று கீழ்வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

27 ஜனவரி, திங்கள்

77.9!!! ஒரே வாரத்தில் மூன்றரை கிலோ! ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினேன். இரண்டு தடவை இறங்கி ஏறிப் பார்த்தேன். அதே 77.9தான்.

இப்படியே போனால் இன்னும் இரண்டே வாரம். உடனே மணிவேலுக்குப் போன் போட்டேன். "பிப்ரவரி பாதியில ரெடியா இருடா."

 "நெசமாவாக்கா?" என்றான்.

இரண்டு வருஷமாக அவன் குரலில் இந்த ஆசையை நான் கேட்டதில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அவனுக்கு. மாத்திரை போட்டுக்கொள்வதும் அதற்குள்தான். "ஆபரேசன் முடிஞ்சதும் ஒரு பாட்டில் தண்ணிய அப்படியே கவுத்துக்கணும்க்கா, ஒரு சொட்டு மிச்சம் வெக்காம" என்றான்.

வைக்காதேடா. குடி.

29 ஜனவரி

சென்னகிருஷ்ணன் என் மேஜைக்கே வந்து குண்டைப் போட்டுவிட்டார்.

"ஏம்மா, மொதல் நாள் ஷூவோட இல்ல ஏறின? திங்கக்கெழம வெறுங்காலுல ஏறியிருக்க."

இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ. கழற்றிக் கொண்டுபோய் நிறுத்தோம். ஒன்றேகால் கிலோ. "டப்பா எடைய கழிக்காம சரக்கு எடை எழுதுவாங்களா? நீயே சொல்லு" என்றார்.  மற்றவர்கள் இந்தத் தப்பைச் செய்தால் நான்தான் முதலில் கத்துவேன்.

மணிவேலிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "மீதி ரெண்டு கிலோவுலயும் பாதி தண்ணிதான்க்கா. டயாலிசிஸ்ல நான் நாலு மணி நேரத்துல ரெண்டரை கிலோ எறக்குறன். அதுக்குன்னு எளைச்சிட்டன்னு சொல்லுவியா?"

சிரித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்ப பிப்ரவரி இல்லியாக்கா?"

இருக்குடா, இருக்கு என்றேன்.

30 ஜனவரி

ராத்திரிச் சாப்பாடு கிடையாது. மத்தியானம் ஒரு டம்ளர் மோர். சொன்னால் சொன்னதுதான்.

3 பிப்ரவரி, திங்கள்

வெறுங்காலில் 75.6! யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிமிர்ந்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. பறக்கட்டும்.

5 பிப்ரவரி

இன்ஸ்பெக்ஷன் மேஜையிலேயே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது முதலுதவி அறையில் இருந்தேன். அழைத்துப்போக வந்த இவர் வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு இளநீர் வாங்கிக் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

7 பிப்ரவரி

பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போய் உணவு ஆலோசகர் சத்யப்ரியாவைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் என்ன கோபம்!

"முதல் வாரம் வேகமா இறங்கும், அது தண்ணியும் சேர்ந்தது. அப்புறம் வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. அதைவிட வேகமா போனா கொழுப்போட சதையும் சேர்ந்து போகும், பித்தப்பையில கல் வரும். எங்களுக்கு ஒல்லியான ஆள் வேண்டாம்க்கா, தெம்பான ஆள் வேணும். இன்னொரு தடவை மயங்கி விழுந்தா டாக்டர் உங்க பேரையே எடுத்துடுவார்."

பேரையே எடுத்துவிடுவாராம். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அத்திப்பள்ளி வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மாநில எல்லை தாண்டும்போதுதான் உறைத்தது. எந்தப் பாகத்துக்கும் இரண்டு அளவு உண்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று. இதற்குக் குறைந்தாலும் ரிஜெக்ட், அதற்கு மிஞ்சினாலும் ரிஜெக்ட். தினமும் நான் ஆபரேட்டர்களிடம் சொல்வதே இதைத்தானே! என் உடம்புக்கு மட்டும் மேல் அளவே இல்லை என்று யார் சொன்னது?

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் அட்டையின் பின்பக்கம் இரண்டு சிவப்புக் கோடு போட்டேன். அரை, ஒன்று. இனி அந்த இரண்டுக்கும் நடுவில்தான். மணிவேலிடமும் சொல்லிவிட்டேன். பிப்ரவரி இல்லை, ஏப்ரல். "நீ நல்லா இருந்தாத்தான்க்கா எனக்கு வேணும்" என்றான்.

10 பிப்ரவரி

76.6. ஒழுங்காகச் சாப்பிட்டேன், ஏறிவிட்டது. அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

17 பிப்ரவரி

75.9. கோட்டுக்குள்! முட்டை, கொள்ளு ரசம், கீரை, பாதிக் களி. மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு இளைக்கிறேன், நம்பவே முடியவில்லை.

24 பிப்ரவரி

75.2. யானைகள் காட்டுக்குத் திரும்பிவிட்டன. ரோட்டில் நடக்கிறேன்.

3 மார்ச்

75.2. அசையவே இல்லை! ஏன்? என்ன தப்பு செய்தேன்? மணிவேல் கேட்டான்: "தராச விடுக்கா. பேன்ட் எப்பிடி இருக்குது?"

யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தியிருக்கிறேன்!

17 மார்ச்

இரண்டு வாரத்தில் 1.4 கிலோ. 73.8. கோட்டுக்குள்தான்.

31 மார்ச், திங்கள்

72.8!

சென்னகிருஷ்ணன் தராசின் எண்ணை ஊர்முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். பிறகு ஒரு பச்சை 'ஓகே' சீட்டை எடுத்து என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிஸ்பாட்ச் முழுக்கக் கைதட்டல். மணிவேலுக்குப் போன் செய்தேன். அவன் "ம்" என்றான். மறுபடி "ம்" என்றான். 

24 ஏப்ரல், வியாழன்

நாளைக்கு. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

30 ஏப்ரல்

தையல் இழுக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் அறை வரை நடந்து போனேன். உள்ளே விட மாட்டார்களாம், கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

நர்ஸ் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் கேட்டது. "புது கிட்னிக்கு இது பத்தாது சார். இன்னும் குடிங்க. குடிச்சே ஆகணும்."

அவன் என்னைப் பார்த்தான், குடிக்கலாமா என்று கேட்கிற மாதிரி. தலையாட்டினேன். ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கி, மூச்சு வாங்கி வாங்கிக் குடித்து முடித்தான். தாடையில், சட்டையில் எல்லாம் தண்ணீர். குடித்துவிட்டுக் காலி பாட்டிலை எனக்குத் தெரிகிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

இன்னொரு பாட்டில் கேட்டு நர்ஸிடம் கையை நீட்டினான்.