மாடி நம்முடையதாகிவிட்டது, அப்பா

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

நினைவு நாளுக்கு எல்லோரும் பத்திரிகையில் புகைப்படம் போட்டு நான்கு வரி எழுதுகிறார்கள். எனக்கு நான்கு வரி போதாது. ஊர் படித்தாலும் பரவாயில்லை என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. மாடி நம்முடையதாகிவிட்டது. நேற்று செட்டித் தெருவுக்குப் போய் இந்த மாதத் தவணையைக் கட்டினேன். அதற்கு மேல் கொஞ்சம் அசலிலும் கட்டிவிட்டு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னிக்கு எதுடி?" என்றாள்.

"அப்பா படுத்திருந்த ரூமோட கூரைம்மா. இதோட மாடி முடிஞ்சுது."

அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதாளா, வெயிலுக்குக் கழுவினாளா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பேச்சு உங்களுக்குப் புரியாது. இது தொடங்குவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள்.

புதுச்சேரியிலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் சைகோனில் வாடகை அறைகளிலேயே வாழ்ந்தவர் நீங்கள். சுங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை, கோட்டு, தொப்பி, பிரெஞ்சுக் குடியுரிமை எல்லாம் இருந்தது. ஆனாலும் வீட்டுக்காரன் கதவைத் தட்டினால் உங்கள் குரல் இறங்கிவிடும். பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக நாம் இடம் மாறியதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் கான் ஹொய் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இந்த மாடி வீடு விலைக்கு வந்தபோது நீங்கள் யாரையும் கேட்கவில்லை. நொத்தேர் அலுவலகத்தில் பத்திரம் முடித்து, அந்தப் பத்திரத்தையே செட்டித் தெரு வட்டிக்கடையில், செட்டியார் கிட்டங்கியில் அடமானம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சொன்னீர்கள். பத்து வருஷக் கடன். பிணைக் கையெழுத்துக்கு மட்டும் என்னை அழைத்துப் போனீர்கள்.

"ஒரு பேச்சுக்குத்தாம்மா. நான் இருக்கறப்ப உனக்கு என்ன கவலை?" என்றீர்கள்.

இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. சொந்தக் கூரையின் கீழ், ஆற்றைப் பார்த்த அறையில் உயிர் விட்டீர்கள். நீங்கள் ஆசைப்பட்டது நடந்தது. எனக்கு என்ன மிஞ்சியது அப்பா, வீடா, கடனா?

அப்போது எனக்கு வேறொரு வாழ்க்கை ஏறக்குறைய தயாராக இருந்தது. உங்களுக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தீர்களே, அந்தச் சவரிநாதன்தான். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அவரை வடக்கே ஹைஃபோங் கிளைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு இருந்தது. கல்யாணம் முடித்து நானும் அவரோடு போவதாக இருந்தேன். தந்தி, டெலிபோன் அலுவலகத்தில் என் வேலையை விட்டுவிடலாம் என்றும் நினைத்திருந்தேன். காதில் இரும்பை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க "அல்லோ, எந்த எண்?" என்று கேட்கும் வேலை. பக்கத்து நாற்காலிப் பிரெஞ்சுப் பெண் அதே வேலைக்கு என்னைவிட அதிகம் வாங்குவாள்.

நீங்கள் போனபின் அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் வீடு இல்லை. நீங்கள் உயிர் விட்ட இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். சவரியிடம் "கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன். எவ்வளவு நாள் என்று அவர் கேட்டார். எட்டு வருஷம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கிட்டங்கியை நடத்தும் ஏஜெண்டு செட்டியாரிடம்தான் முதலில் வழி கேட்டேன். ஊரில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு முதலாளிக்காக மூன்று வருஷக் கணக்குக்கு வந்திருந்தவர். கணக்கெழுதும் பெட்டியடியில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தவணைய மட்டும் கட்டிக்கிட்டு வந்தா பத்திரத்துல உள்ள வருஷம் ஓடத்தான் செய்யும் ஆத்தா. மேல ஏதாச்சும் கொண்டாந்தீகன்னா அசல்ல கழிச்சுக்கலாம். அசல் குறைஞ்சா வட்டி குறையும், வருஷமும் குறையும். ஆனா ஒண்ணு, கட்டுனது கட்டுனதுதான். அவசரம்னு திருப்பிக் கேக்கப்படாது."

கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை. வருஷம் குறையும் என்பது மட்டும் ஏறியது.

அன்று முதல் எனக்கு ஒரே வெறி. கீழ்த்தளம் முழுவதையும் காரைக்கால் துணி வியாபாரி ஒருவருக்குக் கிடங்காக விட்டுவிட்டு நாங்கள் மாடியோடு ஒடுங்கினோம். உங்கள் சைக்கிளை விற்றேன். ரிக்‌ஷா ஏறுவதை நிறுத்தினேன். பாலம் கடந்து வேலைக்கு நடந்தே போனேன். புதுப் பாவாடை இல்லை, ஈஸ்டருக்குக்கூட இறைச்சி இல்லை. மிச்சம் பிடித்த ஒவ்வொரு பியாஸ்தரையும் கிட்டங்கியில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஆனால் அப்பா, கடனில் போடும் பணத்துக்கு முகம் கிடையாது. பட்டுத் துணி வாங்கினால் தொட்டுப் பார்க்கலாம். அசலில் கட்டினால் என்ன தெரியும்? வீடு நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கும். ஆறு மாதத்தில் எனக்குச் சலித்துவிட்டது. ஒருநாள் கையிலிருந்ததையெல்லாம் கட்டிவிட்டு வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எதுக்கும்மா இதெல்லாம்? கிணத்துல போடற மாதிரி இருக்கு" என்றேன்.

அம்மா மேல்படியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையால் படியைத் தட்டினாள்.

"இன்னிக்குக் கட்டினது இந்தப் படிக்கட்டுன்னு வெச்சுக்க. இனிமே இதுல செட்டியாருக்குப் பங்கு இல்ல. இது நம்முது. அடுத்த தடவை மேல அந்தக் கதவு."

சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் தந்திரம்தான். ஆனாலும் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் கதவை மீட்டோம். பிறகு ஆற்றுப் பக்கத்து ஜன்னல். மீட்ட ஜன்னலை அம்மா தனியாகத் துடைப்பாள். சமையலறையை மீட்ட அன்று எதையும் மிச்சம் பிடிக்காமல் மீன் குழம்பு வைத்தாள். அந்த விளையாட்டு இல்லாவிட்டால் நான் எப்போதோ கைவிட்டிருப்பேன்.

ஆனால் அந்த வெறியில் கையில் ஒரு காசு வைத்துக்கொள்ளவில்லை. அதற்குத் தண்டனை வந்தது.

அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. அரிசியில் கல் தெரியவில்லை என்றாள். பிறகு என் முகம் தெரியவில்லை என்றாள். அறுவைச் சிகிச்சை செய்தால் பார்வை வரும், தள்ளிப்போட்டால் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். என்னிடம் இருந்ததெல்லாம் படிக்கட்டும் கதவும் ஜன்னலும்தான். அவற்றை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்வார்களா?

கிட்டங்கிக்கு ஓடினேன். ஏஜெண்டு தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கே சொன்னேனே ஆத்தா. முதலாளி ஊர்ல இருக்காக, என் கையில ஒண்ணுமில்ல. வேணும்னா புதுக் கடன் எழுதலாம். வட்டி கூட ஆகும்." எழுதாமல் எழுந்து வந்தேன்.

அன்று மாலை விஷயம் தெரிந்து சவரி வீட்டுக்கு வந்து ஒரு உறையை மேசைமேல் வைத்தார். ஹைஃபோங்கில் குடித்தனம் வைக்கச் சேர்த்த பணம்.

"இதைக் கடனா எழுதிக்கங்க. மாசா மாசம் தந்துடறேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "உனக்குக் குடுக்க வர்ற கையெல்லாம் கடன்காரன் கையாத்தான் தெரியுதா, ரோசாலி?"

பதில் சொல்லியிருக்கலாம். சவரி, உங்களிடம் வாங்கினால் உங்களுக்கும் அடங்கிப்போவேன், ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு அடங்கிக் கிடக்கிறேன், இன்னொன்றைத் தாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பார்வை வந்தது. சவரி அந்த மழைக்காலத்திலேயே ஹைஃபோங்குக்குத் தனியாகக் கப்பலேறினார். நான் மாதாமாதம் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதன்பிறகு வழியை மாற்றிக்கொண்டேன். மிச்சம் பிடிப்பதில் பாதி அசலுக்கு, பாதி அஞ்சலகச் சேமிப்புக்கு. எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? முன்பு ஒரே மாதத்தில் மீண்ட ஜன்னல் இப்போது இரண்டு மாதம் எடுத்தது. "பலகை பலகையா மீட்கறோம்டி, தச்சன் மாதிரி" என்று அம்மா சிரித்தாள். சேமிப்பில் போட்டதை எடுத்து அசலில் கட்டிவிடலாமா என்று பாதி வழியில் நின்றிருக்கிறேன். அம்மாவின் கண்ணில் கட்டியிருந்த துணியை நினைத்துக்கொண்டு திரும்பி நடப்பேன்.

அது நல்லதாயிற்று. அரிசி ஏற்றுமதி விலை விழுந்து நாடே முடங்கியபோது எங்கள் சம்பளத்தில் பெரிய பங்கை வெட்டினார்கள். துணி வியாபாரியாலும் வாடகை தர முடியவில்லை. இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு உள்ளூர் அன்னாமியக் குடும்பத்துக்கு அப்படித்தான் நடந்தது. அவர்களுடைய கட்டிலும் பூசை மேசையும் மழையில் நனைந்துகொண்டு தெருவில் கிடந்தன. அந்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வேறென்ன செய்ய முடியும்?

நம் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. சேமிப்பிலிருந்து எடுத்து எடுத்துக் கட்டினேன். அது அடிவரை வறண்டபோது சம்பளம் கொஞ்சம் நிமிர்ந்தது. வியாபாரியும் பாக்கியைத் தந்தார். ஏஜெண்டின் மூன்று வருஷக் கணக்கும் அப்போதுதான் முடிந்தது. ஊருக்குக் கப்பலேறும் முன் அவர் சொன்னது: "எனக்காச்சும் இன்ன தேதின்னு ஒண்ணு இருந்துச்சு ஆத்தா. உங்கள நெனச்சாத்தான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

இப்போது இன்னொரு செய்தி. போன மாதம் துறைமுகக் கிடங்கு முதலாளி ஒருவர் வந்து வீட்டை விலைக்குக் கேட்டார். கடனை அடைத்து, கையில் கொஞ்சம் நிற்கும் விலை. அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன்.

"வித்துடுடி" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன்.

"நான்தான் நகரமாட்டேன்னு அடம் பிடிச்சேன். அப்ப கண்ணு தெரியல. இப்பதான் உன்னைப் பாக்கறேன். எப்படி இளைச்சுப் போயிட்ட! உங்கப்பா வீடு வாங்கினது நீ இதுக்குள்ள கிடந்து சாகறதுக்கா?"

கதவு திறந்துவிட்டது, அப்பா. இத்தனை வருஷமாக நான் கேட்டது அதைத்தான். ஆனால் "சரி" என்ற சொல் வாயில் வரவில்லை. இரண்டு நாள் வேலையில் தப்புத் தப்பாக இணைப்புக் கொடுத்தேன். ஒரு பிரெஞ்சு மேஜரை மீன் ஏலக்காரரோடு பேசவைத்துவிட்டேன். வீடு உங்கள் ஆசையாக இருந்தவரை என்னால் அதை வெறுக்க முடிந்தது. இப்போது நான் விட்ட சாப்பாடும், நடந்த பாலமும், போகாத ஹைஃபோங்கும் இந்தச் சுவர்களுக்குள் போய்விட்டன. வெறுக்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. நீங்கள் பூட்டிய பூட்டுக்கு மேல் நானும் ஒன்று பூட்டிவிட்டேனோ?

கிடங்கு முதலாளியிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "சரி, மாடி முடிஞ்சதும் கீழ்த்தளத்துல முதல்ல எது?" என்று கேட்டாள்.

சவரிக்கும் எழுதிவிட்டேன். காத்திருங்கள் என்று எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. "கீழ்த்தளம் இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் ஆகும். அம்மாவும் என்னோடுதான். இதையெல்லாம் சேர்த்து என்னை ஏற்க முடியுமானால் சைகோனுக்கு மாற்றல் கேளுங்கள்" என்று எழுதினேன். வடக்கிலிருந்து இரண்டு தபால் கப்பல்கள் வந்துவிட்டன. பதில் இல்லை.

அப்பா, ஒரு வாக்குத் தருகிறேன். கீழ்த்தளத்தையும் மீட்பேன். அம்மாவுக்கு ஒன்று என்றால் யார் வாசலிலும் போய் நிற்காத அளவுக்குக் கையிலும் வைத்துக்கொள்வேன். பத்திரத்தை வாங்கி வந்து அம்மாவின் மடியில் வைப்பேன். ஆனால் அதன்பிறகு இந்த வீட்டில் இருப்பதா, விற்றுவிட்டுப் போவதா என்பதை நான் முடிவு செய்வேன். நீங்கள் வாங்கும்போது என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் உங்களைக் கேட்கமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்ட,
உங்கள் ஒரே மகள்
ரோசாலி