இடக்கைப் பாடம்

வியாத்கா மாகாணம், ரஷ்யா, 1916

அன்புள்ள யெர்மோலாய்,

உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

சொந்த முயற்சியில் படித்துப் பல்லாண்டு பாடம் சொன்ன என்னை, சான்றிதழ் இல்லையென்று கல்வி அதிகாரிகள் இந்த வயதில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பள்ளிக் கட்டிடம் இப்போது போர் மருத்துவமனை. அதனால் தேர்வுக்காக நடத்திக் காட்ட வேண்டிய பாடத்தைக் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நடத்தினேன். வலக்கையை இழந்த லுக்கியானை இடக்கையால் எழுத வைத்தேன்.

"இடது கையால எழுதவிடக் கூடாதும்மா. விதி தெரியாதா?" என்றாள் தேர்வு நடத்தியவள்.

"வலது கை போர்முனையில கிடக்கு. நீங்க போய் எடுத்துட்டு வாங்க, மாத்திடறேன்" என்றேன். வார்டே சிரித்தது.

மறுபடி விதிப்படி நடத்தச் சொன்னாள். மறுத்துவிட்டேன். தேர்ச்சி தரவில்லை, இலையுதிர்காலத் தேர்வுவரை நான் இங்கேதான். கவலைப்படாதீர்கள். உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை அதில் இருக்கட்டும்.

லுக்கியான் தன் மனைவிக்குத் தானே கடிதம் எழுதுகிறான். அடுத்த வரிக்கு என்னைக் கூப்பிடுகிறான், போகிறேன்.

உங்கள் பெலகேயா