மில்காரரின் மோட்டாரை எச்சரிக்கையாகக் கொள்ளும் தெரு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற வழக்கறிஞர்,
மாவு மில்லுக்கு எதிர்வீடு,
ஆற்றோரத் தெரு.

பெறுநர்
வெள்ளத் தடுப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: தெருவினர் தனிநபர் ஒருவர் மீது சுமத்தியுள்ள எச்சரிக்கைப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் மாவு மில் நடத்துபவர், முந்தைய பெருவெள்ளத்தின்போது ஆற்றின் நிறம் மாறியதைக் கண்டு, மில் மோட்டாரைக் கழற்றிப் பரணில் ஏற்றினார். அதைப் பார்த்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தங்கள் ஒலிபெருக்கி வண்டி மறுநாள் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிகழ்வின் வரிசைக்காகவே குறிப்பிடுகிறேன்.

2. அன்று முதல் தெருவினர் அரசு அறிவிப்பை நம்புவதில்லை, மோட்டாரை நம்புகிறார்கள். வானம் கறுத்தால் மில் வாசலில் கூட்டம் கூடுகிறது. அவர்களில் அரைக்க எதுவும் கொண்டுவராதவர்களே அதிகம்.

3. கோடையில் பழுது பார்ப்பதற்காக அவர் மோட்டாரைக் கழற்றினார். கொளுத்தும் வெயிலில் பாதித் தெரு பாய் தலையணையுடன் ஓடியது. சலவைக்கடைக்காரர் படியில் விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பழி மில்காரர் தலையில் விழுந்தது. "அண்ணே, இனிமே எங்களைக் கேக்காம அதுல கை வைக்காதீங்க" என்று தையல்காரர் எல்லோர் சார்பிலும் எச்சரித்தார். அப்படியானால் உங்கள் தையல் மெஷினையும் என்னைக் கேட்டுத்தான் மிதிக்க வேண்டும் என்றார் மில்காரர். எவரும் சிரிக்கவில்லை.

4. சென்ற வாரம் ஆறு கரை தாண்டியது. தங்கள் வண்டி இம்முறை உரிய நேரத்தில் வந்து அறிவித்தது. மனுதாரர் உட்பட ஒருவரும் அசையவில்லை. மோட்டார் அசையாததே காரணம். வெள்ளம் வராமல் போனால் மீண்டும் பழி ஏற்க வேண்டுமே என்று மில்காரர் அதைத் தொடவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப்பின் எழ இயலாமல் மில்லின் பின்கட்டு வீட்டில் கட்டிலில் கிடக்கும் தம் மனைவியைக்கூட வெளியே தூக்கிவரவில்லை. தூக்கினால் தெரு ஓடும். தண்ணீர் கட்டில் சட்டம்வரை ஏறி, தானாக வடிந்தது. அது எவருடைய முன்யோசனையாலும் அன்று.

5. மறுநாள் நான் விசாரித்தபோது அவர், "தெருவே என்னைப் பாக்குது சார். நான் யாரைப் பாக்குறது?" என்று கேட்டார். இதற்கு விடை சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, தங்களுக்கு உண்டு.

6. ஆகவே, எச்சரிக்கை விடுக்கும்போது தங்கள் அலுவலர் ஒருவர் நேரில் மில்லுக்கு வந்து, மோட்டாரைக் கழற்றுமாறு எழுத்துமூலம் உத்தரவிடவும், வெள்ளம் வராவிட்டால் அதற்கான பொறுப்பு அரசுடையதே எனத் தெருவினர் முன்னிலையில் வாசித்துக் காட்டவும் வேண்டுகிறேன். மோட்டார் பரணேறினால் தெரு தானே கிளம்பிவிடும்.

7. நாளை கனமழை என்று வானிலை அறிவிப்பு கூறுகிறது. இதை எழுதும்போதே மில் வாசலில் கூட்டம் நிற்கிறது. அந்த அம்மையார் உள்ளே, அதே கட்டிலில்தான் இருக்கிறார்.

தங்கள் அலுவலரின் வருகையை இன்றே எதிர்நோக்கும்,
மனுதாரர்
(ஒப்பம்)

இடம்: ஆற்றோரத் தெரு
நாள்: மழை எச்சரிக்கை வெளியான இன்று, முற்பகல்