அது அம்மன் இல்லை

ஓரிக்கை போகும் சாலையில் உங்கள் படங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். இன்று அந்தப் படத்தைச் சரிசெய்து கொண்டுவந்து மாட்டினார்கள். துணியைப் பிரித்ததும் வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அரக்குப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏரி. சர்ரியலிசம் என்று ஏதோ பாணியின் பெயரைப் பக்கத்தில் எழுதி, கடவுள் மறுப்பு என்றும் சேர்த்திருக்கிறார்கள். கும்பிடாமல் ஒருநாளும் நீங்கள் தூரிகையைத் தொட்டதில்லை.

கல்யாண மண்டபத்தில் முதன்முதலாக அதைக் கண்காட்சியில் வைத்தபோது கூட்டமாக வந்தார்கள். "அம்மன மூஞ்சி இல்லாம வரைவியா?" என்று சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். கத்தியால் கிழித்தார்கள். கிழிந்த படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் கெஞ்சினேன்.

"நம்ம பொண்ணுன்னு சொல்லிடுங்க. தாமல் ஏரில முழுகிப் போனவன்னு சொல்லுங்க. உட்டுடுவாங்க."

"அவளக் காட்டி நான் தப்பிச்சுக்கணுமா? வேணாம்மா."

அதற்குப் பிறகு புடவைக்கு டிசைன் போடக் கூப்பிட்ட கடைகள் கூப்பிடவில்லை. உறவுக்காரர்கள் பத்திரிகை வைக்கவில்லை. நீங்கள் வரைந்துகொண்டேதான் இருந்தீர்கள். அவளுக்கு ஒரு போட்டோகூட நாம் எடுத்ததில்லை. அவள் முகத்தை நான் சொல்லச் சொல்லக் கோடு இழுத்துப் பார்ப்பீர்கள். "கண்ண மூடினா தண்ணிதாம்மா தெரியுது" என்று பென்சிலை வைத்துவிடுவீர்கள்.

இன்று ஒரு பெரியவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அருகில் வந்தார்.

"அன்னிக்கு சாணி ஊத்துனவங்கள்ல நானும் ஒருத்தன்மா. இப்ப ஊரே டிக்கெட் வாங்கிக்கினு வந்து பாக்குது. எதுக்குமா அம்மன இப்பிடிப் போட்டாரு?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது அம்மன் இல்லங்க. எங்க பொண்ணு. ஏரில போயிட்டா."

தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "பேரு இன்னாமா?" என்றார்.

"மல்லிகா."

"மல்லிகா," என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வெளியாள் ஒருவர் வாயில் அவள் பேரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. நீங்கள் கடைசிவரை சொல்லாததைச் சொல்லிவிட்டேன். இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பீர்கள். கோபிக்கவாவது இருந்திருக்கலாம்.

உங்களுக்கு வராத அந்த முகம் எனக்கு அப்படியே இருக்கிறது. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது, சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வாள். எனக்கு வரையத் தெரியாது. நானும் போய்விட்டால் அது வேறெங்கும் இருக்காது.