கொடுப்பதற்கென்று ஓர் உடம்பு

நவம்பர் 10, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தம்பி பெஞ்சமினும் அவன் மனைவி மாரித்தாயும் வடகரையிலிருந்து சாப்பிட வந்தார்கள். சீலா மீன் குழம்பு வைத்திருந்தேன். அவன் தொடவில்லை. உப்பு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டுமாம். டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து முகம் கறுத்து, வீங்கி, வேறு யாரோ போல இருக்கிறான். தேங்காய் லோடு ஏற்றும்போது மூட்டையைத் தானே தூக்கிப் போடுகிற ஆள்.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, கிட்னி மாத்தித்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லுதாரு. கூடப்பிறந்தவங்க கொடுத்தா நல்லா சேருமாம்."

கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

"ஜெபிச்சுச் சொல்லுதேன்லே" என்றேன்.

எங்கள் சபையில் பெண் கேட்டு வந்தாலும், இடம் விலைக்கு வந்தாலும் இதுதான் பதில். மரியாதையான பதில். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். மாரித்தாய் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரபாண்டியபுரத்துக்காரி. பெஞ்சமின் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள். இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்குப் போவாள், மனம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். எங்கள் பாஷை அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

நவம்பர் 13

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "முடிவு ஒன்னோடது. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா நிவேதா கல்யாணம் கூடி வருத நேரம். அம்மாவுக்கு ஒரு கிட்னின்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?"

மகள் கல்யாணத்துக்கும் என் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் அந்தக் காரணம் தேவைப்பட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் குரூப் பார்க்கிறார்கள். லேபில் காத்திருந்த நேரமெல்லாம் ஜெபம்தான். என்ன ஜெபம் என்று இங்கே எழுதியே ஆக வேண்டும். சேரக்கூடாது ஆண்டவரே, சேரக்கூடாது. சேர்ந்துவிட்டது. அவனும் நானும் ஒரே குரூப்.

அவனுக்குப் போன் பண்ணவில்லை.

டிசம்பர் 7, சனி

குற்றாலத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஒருநாள் கூடுகை. ஐந்தருவி போகிற வழியில் ஒரு பழைய பங்களா. மெயினருவிப் பக்கம் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், வேன் நகரவே இல்லை. வழக்கம்போல இந்த வருஷமும் கிறிஸ்துமஸ் செய்தி நான்தான். தலைப்பு, மனுஷாவதாரம்.

நன்றாகப் பேசினேன். பேசியபின் நாற்காலிக்குத் திரும்பும்போது எனக்கே தெரிந்தது. கடவுளுக்கு நம்மைப்போல் உடம்பு கிடையாது என்று தொடங்கினேன். மன்னிப்பை வானத்திலிருந்தே அறிவித்திருக்கலாம், தூதனிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் தன்னையே கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்கிற மாதிரி ஒன்று வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் சதையையும் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். பலி என்றால் நாம் சிலுவையை மட்டும் நினைக்கிறோம். பலி மாட்டுத்தொழுவத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அங்கே கிடந்த குழந்தையின் கை, கால், விலா எல்லாம் கொடுப்பதற்கென்றே எடுத்துக்கொண்டவை. இப்படி. முன்வரிசையில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

பெஞ்சமின் சொன்னானென்று மாரித்தாயும் வந்திருந்தாள். மத்தியானம் பிரியாணிப் பாத்திரம் பக்கத்தில் குரங்கை விரட்டிக்கொண்டு நின்றவள் என்னிடம் வந்தாள்.

"மைனி, அப்ப சாமி உடம்பு எடுத்ததே கொடுக்கதுக்குத்தானா?"

"ஆமாட்டி. அதுதான் கிறிஸ்துமஸ்."

"நோவும்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"ம்" என்றாள். அதோடு குரங்கைப் பார்க்கப் போய்விட்டாள். வகுப்பில் யாரோ ஒரு பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

டிசம்பர் 8

குருவானவரின் மனைவி போனில், "டீச்சர், ஆண்டவர் உங்களுக்குள்ள இருந்து பேசினாரு" என்றார்கள். தம்பி எப்படி இருக்கிறான் என்றும் கேட்டார்கள். ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் இல்லையே.

டிசம்பர் 25

பெஞ்சமின் ஆராதனைக்கு வரவில்லை, மூச்சு வாங்குகிறதாம். மாரித்தாய் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அச்சுமுறுக்கு வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டாள். கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "ரத்தம் எடுத்தாங்க மைனி" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பலகாரம் பரிமாறுகிற அவசரம்.

ஜனவரி 1, 2025

ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிவந்தது: வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம், அதில் வருகிறபடி செய்வோம். தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுக்க வேண்டும், அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்குச் சொன்ன வார்த்தை. எத்தனையோ பேர் வீடு கட்டியதும் வெளிநாடு போனதும் இதை நம்பித்தான்.

ஒன்றை எடுத்துத் திருப்பினேன். எந்தத் தீங்கும் அணுகாமல் காப்பாற்றுவதாகச் சொல்லும் வசனம். யாரை என்று அதில் போடவில்லை.

என்னை என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். இவரிடம் காட்டினேன். தலையை ஆட்டினார்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் லீவு. தம்பியிடம் நேரில் சொல்லிவிடுவோம் என்று வடகரைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கும் பிரஷர் இருக்குலே... ஆண்டவர் வேற வழி வச்சிருப்பாரு..." பண்பொழி தாண்டும்வரை வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். எப்படிப் போட்டாலும் அது முடியாது என்பதுதான்.

முற்றத்தில் தேங்காய் குவிந்து கிடந்தது. பெஞ்சமின் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மாரித்தாய் ஓடி வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மைனி. மதுரையில எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சிட்டு. என்னோடது அவுகளுக்குச் சேருமாம்! மார்ச்சுல வச்சிரலாம்ங்காங்க."

"டெஸ்ட்டுக்கு எப்பம்ட்டி போன?"

"குத்தாலத்துல நீங்க பேசுனதுக்கு மறுவாரமே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க ஜெபத்துல இருந்தீங்கள்லா. நடுவுல சொல்லுவானேன்னு விட்டுட்டேன். சேரலைன்னா ரெண்டு பக்கமும் ஏமாத்தம்."

குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எனக்கு மனசு லேசாகிவிட்டது. முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம் இல்லை, நிம்மதி. தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி. அவள் காப்பி கொண்டுவந்தாள். இன்னும் கொஞ்சம் சீனி போடு என்று கேட்டு வாங்கிக் குடித்தேன். இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் காப்பி காப்பியாக ருசித்தது.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. இனி யாருக்கும் தெரியவராது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தச் சீனி தொண்டையில் நின்றது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்னொன்றும் செய்துவிட்டேன். சாட்சி சொல்லும் நேரத்தில் குருவானவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து போனேன். மைக்கைப் பிடித்து, தம்பிக்கு ஆண்டவர் வழி திறந்தார், ஜெபம் கேட்கப்பட்டது என்றேன். அல்லேலூயா என்றார்கள். என் ஜெபம் என்ன என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

வெளியே ஒரு அக்கா, "யாரு கொடுக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

"அவன் வீட்டுக்காரிதான்."

"அந்த இந்துப் பிள்ளையா? பாரேன்! சீக்கிரம் ஞானஸ்நானம் எடுத்துருவா, பாருங்க."

என்னவோ அவள்தான் இனிமேல் நம்மிடம் ஏதோ கற்றுக்கொள்ள வேண்டும் என்பது போல. நானும் சிரித்துவைத்தேன். சே!

மார்ச் 12, மதுரை

ஆபரேஷன் இன்று. மாரித்தாய் நான் நினைத்ததுபோல அமைதியாக எல்லாம் இல்லை. காலையிலிருந்து அழுகை. அவள் அம்மா பூசிய திருநீறு கண்ணீரில் கரைந்து மூக்குவரை வந்துவிட்டது. "உப்புக்கண்டம் திங்காதீங்க, பிரஷர் மாத்திரையை விடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் மைனி, கேட்டாகளா? இப்ப யாரு படுத்துருக்கா பாருங்க" என்று பெஞ்சமினைத் திட்டினாள். பிறகு அவனுக்குக் காய்ச்சல் இல்லையே என்று நர்ஸிடம் கேட்டாள்.

நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலியையும். அவள் அம்மா பக்கத்தில் இருக்க, என் கையில் கொடுத்தாள். "பயமா இருக்கு மைனி" என்றாள். தள்ளுவண்டி உள்ளே போகும்வரை என் விரலை விடவில்லை.

அந்த வண்டியில் படுத்திருக்க வேண்டியவள் நான். மஞ்சள் கயிறு உள்ளங்கையில் ஈரமாக இருந்தது. முதல் தடவையாக ஜெபம் பண்ண வாய் வரவில்லை.

மார்ச் 13

இருவரும் கண் விழித்துவிட்டார்கள். பெஞ்சமினுக்குச் சிறுநீர் பிரிகிறது. ஸ்தோத்திரம்.

மே 9

கோடை விடுமுறை முழுக்க வடகரைதான். அவள் குடம் தூக்கக்கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது. நான் சமைக்கிறேன், துணி துவைக்கிறேன். செய்து கழித்துவிடலாம் என்ற கணக்கு எனக்குள் இருந்தது உண்மைதான். மாரித்தாய் அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறவள் இல்லை.

"மைனி, உப்பில்லாத கொழம்பு அவுகளுக்குத்தான். எனக்கு எதுக்கு? நான் என்ன பாவம் பண்ணேன்?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்து, தையல் போட்ட இடம் இழுக்க, "சிரிக்க வைக்காதீங்க" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி ஒருக்களித்துப் படுக்க இன்னும் முடியவில்லை.

சாயங்காலம் பெஞ்சமினிடம் சொன்னேன். லேபில் பண்ணிய ஜெபம், அட்டை, பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எல்லாம். அவன் கோபப்படவில்லை.

"தெரியும்க்கா."

"எப்படிலே தெரியும்?"

"நீ போன் பண்ணலைல்லா. நல்ல சேதின்னா நீ அன்னைக்கே பண்ணிருப்ப." "முடியாதுன்னு சொல்லிருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்க்கா. யாருக்குத்தான் பயம் இருக்காது? ஆனா ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நீயோன்னு பார்த்தேன். அதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு."

அவன் எழுந்து போய் மாத்திரை போட்டுக்கொண்டான். நான் துணி எடுக்கப் போனேன். கொடியில் காய்ந்த துணியை மடிக்க முடியாமல் அங்கேயே நின்று அழுதேன். எத்தனை தடவை போன் அடித்திருக்கும்? ஏன் கேட்டேன் அவனிடம்? ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 3

நிவேதா கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 22

சங்கத்திலிருந்து கிறிஸ்துமஸ் செய்தி கொடுக்கச் சொல்லி வந்தார்கள். முடியாது என்றேன். ஜெபித்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஜெபிக்க ஒன்றுமில்லை, முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன். டீச்சருக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

நவம்பர் 30

மாரித்தாயிடம் ஏன் கொடுத்தாய் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இன்று தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். "நீங்கதான சொன்னீங்க மைனி" என்றாள். "கேட்டப்ப சரின்னு பட்டுச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. அம்மனுக்கும் நேர்ந்துக்கிட்டேன், உங்க சபை ஐயருகிட்ட சொல்லிராதீங்க."

நான் சொன்னதை நான் கேட்கவில்லை. இவ்வளவுதான் இந்த ஒரு வருஷம்.

டிசம்பர் 25, 2025

கிறிஸ்துமஸ் ஆராதனை. பெஞ்சமின் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தான், மாரித்தாய் மயில்பச்சைப் பட்டில். கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போல முன்னால், சங்கத்துப் பெண்களோடு.

திருவிருந்து வந்தது. குருவானவர் அப்பத்தை எடுத்துப் பிட்டு, தன் சரீரத்தைக் கொடுத்தவரின் வார்த்தைகளைச் சொன்னார். சின்ன வயதிலிருந்து கேட்கிற வார்த்தைகள், மனப்பாடம். வரிசை வரிசையாக எழுந்து பலிபீடத்தின் முன்னால் போய் முழங்காலிட்டார்கள். எங்கள் வரிசையும் எழுந்தது. எழும்போது திரும்பிப் பார்த்தேன். பெஞ்சமின் முன்னால் வந்துகொண்டிருந்தான். மாரித்தாய் காலை ஒதுக்கி அவனுக்கு வழி விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் போகக்கூடாது. அவளும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு எனக்குத் தெரியாததில்லை, நானே ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது சரியா தப்பா என்று வாதாட எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் இத்தனை பேர் கையை நீட்டிக்கொண்டு போகிற இந்தக் கோயிலில், தன் உடம்பைப் பிட்டு ஒருவருக்குக் கொடுத்த அந்த ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கால் முன்னால் போகவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்து, "நகருங்க டீச்சர்" என்றாள். அவளை முன்னே போகவிட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க, வரிசைகளுக்கு நடுவே கடைசி பெஞ்சுக்கு நடந்தேன்.

மாரித்தாய் பதறிவிட்டாள். "என்ன மைனி, மயக்கமா? நீங்க போகலையா?"

"இல்லட்டி. இங்கன உக்காருதேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி மெல்ல நகர்ந்து இடம் கொடுத்தாள்.