எங்கள் ஜன்னலுக்கு எதிரே ஒலித்த முரசைத் திருப்பிக் கேட்டு

அனுப்புநர்:
திருமதி வெர்னா ஹாகென்,
41, ஓக் தெரு,
(மைதானத்தின் தெற்கு வாசலுக்கு நேர் எதிர் வீடு)
எல்க் பிளஃப், விஸ்கான்சின்.

பெறுநர்:
திரு. டுவெய்ன் விட்கோவ்ஸ்கி அவர்கள்,
ஆணையர், மாவட்ட விளையாட்டரங்கங்கள் துறை,
எல்க் பிளஃப்.

பொருள்: ஃபெர்ரிமென் டிரம் கோர் (முரசு, பித்தளைக் குழல் அணிவகுப்பு) குழுவின் நிகழ்ச்சி ஓக் தெரு திறந்தவெளி மைதானத்திலிருந்து மாவட்ட உள்ளரங்கத்துக்கு மாற்றப்பட்டது – அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட சத்தப் புகார் அப்படிப்பட்ட புகாரே அல்ல என்பது – ஆகஸ்ட் நிகழ்ச்சியையாவது மீண்டும் வெளியில் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை அதிர்ச்சி அடங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது அடங்குவதாகத் தெரியவில்லை. ஆகையால் அதோடேயே எழுதுகிறேன். ஏதேனும் சொல் கடுமையாக விழுந்திருந்தால் பொறுத்தருளவும்.

1. நான் இவ்வூர் சீஸ் தொழிற்சாலையில், வாடிக்கையாளர்களின் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். புகார் என்றால் என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும். "சீஸ் கெட்டுப்போய் வந்தது" என்று எழுதுபவரையும் "போன மாதம் வந்த சீஸ் போல இல்லை" என்று எழுதுபவரையும் ஒரே கோப்பில் வைத்தால் எங்கள் மேலாளர் சும்மா விடமாட்டார். முதலாமவர் இனி நம் பக்கம் வரமாட்டார். இரண்டாமவர் சாகும்வரை நம் சீஸைத்தான் வாங்குவார். இந்த வேறுபாட்டைத் தங்கள் அலுவலகம் கவனிக்கத் தவறியதுதான் என் குறையின் மொத்தமும்.

2. என் கணவர் டெல்மர் ஹாகென் ஃபெர்ரிமென் குழுவின் முரசு வரிசைக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவர். இப்போது நுரையீரல் நோயால் படுக்கையில் இருக்கிறார். பிராணவாயு இயந்திரத்தின் குழாய் எட்டும் தூரம்தான் அவர் உலகம். அதனால் அவர் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். ஜன்னலுக்கு எதிரே தெரு, தெருவுக்கு அப்பால் மைதானம். கோடைக்காலம் முழுக்க அங்கே ஒத்திகை நடக்கும்போது அவர் மடியில் ஒரு ரப்பர் பலகையை வைத்துக்கொண்டு, முரசுக் குச்சிகளால் கூடவே தட்டிக்கொண்டிருப்பார். வேறு மருந்து எதுவும் அவர் முகத்துக்கு அந்த நிறத்தைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

3. கடந்த ஏப்ரலில், ஜூன் மாதத் தொடக்க நிகழ்ச்சியும் ஆகஸ்ட் வழியனுப்பு நிகழ்ச்சியும் இனி உள்ளரங்கத்தில் நடைபெறும் என்றும், ஒத்திகைகளும் அங்கேயே மாற்றப்படும் என்றும் தங்கள் அறிவிப்பு ஊர்ப் பத்திரிகையில் வெளியானது. "மைதானத்தை ஒட்டி வசிக்கும் ஒருவர் நீண்டகாலமாகச் செய்துவரும் சத்தப் புகார்களைக் கருத்தில் கொண்டு" என்று அதில் காரணம் கூறப்பட்டிருந்தது. எங்கள் தெருவில் அப்படியொரு ஆளா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்ததில் பக்கத்து வீட்டுத் திருமதி இர்மா பிஃபரைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவர் நாய் முதல் முரசுச் சத்தத்திலேயே கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆகவே அவருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் ருபார்ப் பை என்ற இனிப்புப் பண்டத்தை இந்த வருடம் நான் கொடுக்கவில்லை. தேவாலயத்தில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவர் உட்கார்ந்த மேசையில் நான் உட்காரவில்லை. இதைக் குறிப்பிடுவது, தங்கள் அறிவிப்பால் விளைந்த சேதங்களில் இதுவும் ஒன்று என்பதற்காக.

4. ஜூன் நிகழ்ச்சிக்கு, செவிலியரை வீட்டில் துணைக்கு வைத்துவிட்டு, நான் உள்ளரங்கத்துக்குச் சென்றேன். நியாயமாகச் சொல்கிறேன்: குளிர்சாதனம் நன்றாக இருந்தது, கழிப்பறைகள் மிகச் சுத்தம், இருக்கைகளுக்கு முதுகுச் சாய்வு உண்டு. இவை யாவும் நிகழ்ச்சி தொடங்கும் வரைதான்.

5. தாங்கள் அறிந்திருக்கலாம், அறியாவிட்டால் இதைச் சொல்வது என் கடமை. டிரம் கோரில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, காதைப் பின்னால் வை என்பதுதான். முரசுகள் மைதானத்தின் பின்பக்கம் நிற்கும். அவர்கள் நடத்துநரின் கையைப் பார்த்து அடிப்பார்கள். முன்னால் இருக்கும் பித்தளைக் குழல்காரர்கள் கையைப் பார்த்தாலும், பின்னாலிருந்து முரசுச் சத்தம் தங்களிடம் வந்து சேரும்போதுதான் ஊத வேண்டும். அப்போதுதான் பார்வையாளர் காதில் இரண்டும் ஒன்றாக விழும். வெளியில் சத்தம் ஒரு தடவை வரும், பிறகு ஆற்றைத் தாண்டிப் போய்விடும். உள்ளரங்கத்தில் அதற்குப் போக இடமில்லை. சுவரில் மோதி, கூரையில் மோதி, கொஞ்சம் பிந்தி இன்னொரு முரசு வரிசையாகத் திரும்பி வருகிறது. பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடியே காதைப் பின்னால் வைத்தார்கள். பாதிப் பேர் முரசைக் கேட்டார்கள்; பாதிப் பேர் சுவரைக் கேட்டார்கள்.

6. இரண்டாவது உருப்படியில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுபவர்கள் வரிசையாகப் பின்னோக்கி நடந்து வர வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லோர் காலும் ஒரே தாளத்தில் விழும் என்ற நம்பிக்கையில்தான் அந்த நடை. அன்று கால்கள் இரண்டு தாளத்தில் விழுந்தன. ப்ரிட்டா ஸ்டென்ஸ்ருட் என்ற பெண் மீது முன்னாலிருந்தவர் பின்னோக்கி வந்து மோத, டியூபாவின் ஊதுவாய் அவள் வாயில் இடித்து முன்பல் உடைந்தது. வெள்ளைச் சீருடையின் மார்பெல்லாம் இரத்தம். வரிசை கலையக் கூடாது என்று பழகிய பெண், அந்த உருப்படி முடியும்வரை கருவியைத் தாங்கிக்கொண்டு தன் இடத்திலேயே நடந்தாள். என் பக்கத்தில் இருந்தவர் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். எனக்குக் கை வரவில்லை. ஊதுபவளுக்கு முன்பல் என்பது என்ன என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

7. வீடு திரும்பினேன். முன்னறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அறை முழுக்கக் கொசு. என் கணவர் மூடவே விடவில்லை என்றார் செவிலியர். நிகழ்ச்சி இடம் மாறியதை நான் ஏப்ரலிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் புதிய அரங்கம் அவ்வளவு தூரமில்லையே, காற்று இந்தப் பக்கம் அடித்தால் பேஸ் டிரம் என்ற பெரிய முரசாவது கேட்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். குச்சிகள் கையிலேயே இருந்தன. "என்ன வெர்னா, இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று என்னைக் கேட்டார். முடிந்துவிட்டது என்று சொன்னேன். குச்சிகளை என்னிடம் கொடுத்து, அலமாரியில் வைக்கச் சொன்னார். ஐயா, என் கணவர் அந்தக் குச்சிகளை அலமாரியில் வைக்கச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

8. மறுநாள் காலை, புகார் செய்த அந்தப் புண்ணியவானின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் திரும்புவதில்லை என்ற முடிவோடு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் வெளியூர் சென்றிருந்தீர்கள். தங்கள் உதவியாளர் செல்வி ஷெல்பி ரூட் என்னை அன்போடு வரவேற்று, நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன மிஸஸ் ஹாகென், உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரருக்காகத்தானே இவ்வளவும் பண்ணோம். பாவம், படுத்த படுக்கையா இருக்கறவர், ஒவ்வொரு ஒத்திகைக்கும் போன் பண்ணி டிரம் சரியில்ல, டிரம் சரியில்லன்னு சொல்லிட்டே இருப்பார். இனிமே நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க."

9. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். தண்ணீரும் கொடுத்தார். செல்வி ரூட் மீது எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை; அவர் மனதில் இருந்தது இரக்கம். அந்த இரக்கம்தான் எங்கள் வீட்டுக்குள் இடியாக இறங்கியது.

10. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் விசாரித்தேன். நான் பின்கட்டில் இருக்கும்போதெல்லாம் தொலைபேசி செய்ததை அவர் மறுக்கவில்லை. ஏன் மறுக்க வேண்டும் என்றே அவருக்குப் புரியவில்லை. "புகாரா? நான் எங்க புகார் பண்ணேன்? மூணாவது பேஸ் டிரம் பிந்துதுன்னு சொன்னேன். ஸ்நேர் டிரம் அடிக்கறவனுங்க அவசரப்படறானுங்கன்னு சொன்னேன். யாராவது சொன்னாத்தானே திருத்துவானுங்க?" என்றார். அதைக் குழுவிடம் சொல்லாமல் விளையாட்டரங்க அலுவலகத்திடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

11. இதற்கு ஒரு பின்னணி உண்டு. ஃபெர்ரிமென் குழுவில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஓய்வு பெற்ற பயிற்றுநர் வேலிக்கு வெளியே நிற்கலாம், கேட்கலாம், கைதட்டலாம், வரிசையின் வாசிப்பைப் பற்றி வரிசையிடமோ புதிய பயிற்றுநரிடமோ வாய் திறக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவர் என் கணவரேதான். அவர் பொறுப்பேற்ற காலத்தில் அவருக்கு முன்பிருந்தவர் தினமும் வேலியோரம் நின்று குறை சொல்லி அவர் உயிரை வாங்கினார் என்பதால் வந்தது அது. தாம் போட்ட விதியை ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் மீறியதே இல்லை. பயிற்றுநர் எங்கள் வீட்டுக்கு வந்து அவரது நலம் விசாரித்தால்கூட, வானிலை பற்றியும் பேஸ்பால் பற்றியும் பேசி அனுப்பிவிடுவார். ஆனால் மூன்றாவது பேஸ் டிரம் பிந்துவதைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்கவும் அவரால் முடியவில்லை. "அரங்கத்துக்காரங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லையே" என்றார் என்னிடம். அலுவலகத்தில் யாராவது பயிற்றுநரின் காதில் போட்டுவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார். டிரம் கோர்க்காரர் அல்லாத யாருக்கும் அது சத்தப் புகாராகத்தான் கேட்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் டிரம் கோர்க்காரர் அல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதே அவருக்கு அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை.

12. நடந்ததை முழுதாகச் சொன்னேன். ப்ரிட்டாவின் பல்லைப் பற்றியும் மறைக்க முடியவில்லை. "அப்ப என்னாலயா?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஐயா, எங்கள் இத்தனை வருட வாழ்க்கையில் அவர் கோபத்தையும் பார்த்திருக்கிறேன், பிடிவாதத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

13. தங்கள் தரப்பில் சொல்லக்கூடியவற்றையும் நினைத்துப் பார்த்தேன். வெளியில் மழை வரும். வரட்டும், மழைக்காக நிகழ்ச்சியை நிறுத்தி, பார்வையாளர் மாடத்துக்கு அடியில் ஊரே ஒண்டிக்கொண்டு சோளப்பொரி தின்றிருக்கிறோம், யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மின்னல் ஆபத்து என்பது உண்மை. அதற்கு மறுநாள் என்று ஒன்று உண்டு. புதிய அரங்கம் காலியாகக் கிடக்கிறது என்றால் டிராக்டர் கண்காட்சிக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் அது அருமையான இடம். டிராக்டர்கள் ஒன்றையொன்று கேட்டு நடக்க வேண்டியதில்லை.

14. இவ்வளவு அவசரம் ஏன் என்று தாங்கள் கேட்கலாம். நவம்பர் நன்றியறிதல் நாள் விருந்துக்கு வான்கோழி சொல்லி வைக்கலாமா என்று சென்ற வாரம் எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். அவர் முதலில் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, "ஆகஸ்ட்ல என்ன இருக்கோ, அதை நல்லபடியாப் பாருங்க வெர்னா" என்றார். ஆகஸ்டில் எங்களுக்கு இருப்பது இந்த ஒரு நிகழ்ச்சிதான். என் கணவரை அரங்கத்துக்குக் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டுவிட்டேன், முடியாது என்றார்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, ஆகஸ்ட் வழியனுப்பு நிகழ்ச்சியையும் அதற்கு முந்தைய ஒத்திகைகளையும் ஓக் தெரு மைதானத்துக்கே மாற்றி உத்தரவிட வேண்டுகிறேன். என் கணவரின் தொலைபேசி அழைப்புகளைச் சத்தப் புகார்களாகக் கொள்ள வேண்டாம். அவற்றை அவர் திரும்பப் பெறுகிறாரா என்று இந்த மனுவை எழுதும்போது கேட்டேன். ஸ்நேர்க்காரர்களைப் பற்றியதைத் திரும்பப் பெறுகிறார். மூன்றாவது பேஸ் டிரம்மைப் பற்றியதைத் திரும்பப் பெற மறுக்கிறார். திருந்தியிருக்கிறதா என்று காதால் கேட்காமல் எப்படிச் சொல்வது என்கிறார். அது நியாயமாகவே எனக்கும் படுகிறது.

இத்துடன் எங்கள் தெருவாசிகளின் கையொப்பங்களை இணைத்துள்ளேன். முதல் கையொப்பம் திருமதி இர்மா பிஃபருடையது. அவரிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ருபார்ப் பண்டத்தோடு. நாயின் ஆட்சேபணை உண்மைதான் என்றும், ஆனால் அதைத் தாம் தள்ளுபடி செய்துவிட்டதாகவும் தங்களிடம் தெரிவிக்கச் சொன்னார்.

குச்சிகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலோரம் வைத்திருக்கிறேன். நிகழ்ச்சியன்று மாலை எங்கள் முன்னறை ஜன்னல் திறந்திருக்கும். என் கணவர் குறை சொல்வதற்கு ஏதாவது அவர் காதில் விழும்படி செய்யுமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: எல்க் பிளஃப்
நாள்: ஜூலை 11

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
வெர்னா ஹாகென்

மேற்கண்டவற்றை எனக்குப் படித்துக்காட்டினார்கள். சரிதான்.
டெல்மர் ஹாகென்