ரசத்தில் இடித்துப் போட்ட மாத்திரைகள்

அன்பு மகள் ஜானட்டுக்கு நைனா எழுதுவது. மாதா தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் சண்டிகர் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கப்பலில் ஜெனரேட்டர் தினம் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது, போனில் சார்ஜ் ஏறுவதற்குள் நின்றுவிடுகிறது. அதனால் பேப்பரில் எழுதி வாளியில் வைத்து, சாமான் கொண்டுவரும் வெற்றி மாமா படகுக்கு இறக்குகிறேன், அம்மா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

முதலாளி எங்களைக் கைவிட்டு நாலு மாதம். எண்ணூர் புகைபோக்கிகள் எதிரிலேயே தெரிகின்றன, ஆனால் கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாதாம், ஒருவரும் இறங்க முடியாது. வருவது அரிசி, பருப்பு, கருவாடு மட்டும், காய் பழம் இல்லாமல் உடம்பில் வைட்டமின் சி வற்றிவிட்டது. புளியந்தோப்பு பீம்ராவுக்கு ஈறெல்லாம் ரத்தம், போன வருஷம் ஆறிய முழங்கால் காயம் தானாகத் திறந்துவிட்டது. "இன்னா மாமு, தையல் போட்ட எடமே பொளந்துகினு கீது" என்று சிரிக்கிறான். கண்ணு, கப்பலில் எவனுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மருந்துப் பெட்டியில் வைட்டமின் சி மாத்திரை இருந்தது. சமையல் என் கையில், எவனும் விழுங்க மறக்கக் கூடாதே என்று தினமும் இடித்து, கொதிக்கிற ரசத்தில் போட்டேன். காலையில் வைத்த ரசம் ராத்திரி வரை அடுப்பிலேயே இருக்கும். "உன் ரசம் ஷோக்கா கீதுபா" என்று குடித்தார்கள். அப்புறம்தான் போனில் சேமித்திருந்த வீடியோ ஒன்றைப் பார்த்தேன், கொதியிலேயே கிடந்தால் சி செத்துப்போகுமாம்! அத்தனை நாளும் வெறும் புளித்தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறேன்.

அதே வீடியோவில் செம விஷயம் ஒன்று கேள்! சி-யோடு பாஸ்பேட்டை ஒட்டவைத்த வகை இருக்கிறதாம், ஈரமும் காற்றும் அதைச் சீக்கிரம் கெடுக்காதாம். குடலுக்குள் போனதும் நம் உடம்பிலிருக்கும் என்சைம் பாஸ்பேட்டை வெட்டிவிடும், சி தனியாகி ரத்தத்தில் ஏறும், ஈறையும் காயத்தையும் பிடித்துவைக்கும் கொலாஜனைக் கட்ட உதவும். வெட்டிவிடும் வரை அதற்கு வேலையே இல்லை, எங்களைப் போல. அம்மா முகத்தில் பூசும் சீரத்திலும் இதுதானாம், "அதக் குட்ச்சா ஆவாதா?" என்கிறான் பீம்ராவ். பார்மசி படிக்கிறவள் நீ, மனுஷன் சாப்பிடுவது எது, எவ்வளவு என்று கேட்டுச் சொல், தெரியாமல் இனி எதையும் போட மாட்டேன். அதுவரை அம்மாவிடம் நெல்லிக்காய் கொடுத்தனுப்பச் சொல்.

வைத்தியத்துக்கு ஒருவரை மட்டும் வெள்ளிக்கிழமை இறக்குகிறார்கள். வீடு எதிரில் இருக்கிறதே, நீ போ என்றார் கேப்டன். நான் பீம்ராவ் பெயரை எழுதிக் கொடுத்தேன். அம்மா திட்டுவாள், திட்டட்டும். இன்னும் ஆறு பேர் என் கையால்தான் சாப்பிடுகிறார்கள். இன்று காலை பல் துலக்கும்போது என் பிரஷ்ஷும் சிவந்தது.

மாதா உன்னை நிழல்போல் காப்பாள், படிப்பு நல்லபடி முடியட்டும். எலுமிச்சையைக் கொதிக்கும் நீரில் பிழியாதே. பதிலைச் சீக்கிரம் அனுப்பு, வாளி கீழேதான் தொங்குகிறது.

உன் நைனா,
பிராங்கிளின்